கதை, கவிதை நீங்கலாக

1

தமிழில் சிபாரிசுப் பட்டியல்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. க.நா.சு. 1950களில் ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டதிலிருந்து, சிறுபத்திரிகைக்காரர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பட்டியலைத் தயாரித்துவிடுகிறார்கள். சிறந்த நாவல்கள், சிறந்த சிறுகதைகள், படித்தே ஆகவேண்டிய கவிதைத் தொகுதிகள். யாரைச் சேர்த்தது, யாரை விட்டது என்பதில் நட்புகள் முறிந்திருக்கின்றன, அதெல்லாம் நல்லதுதான். ஒரு சூழல் உயிரோடிருப்பதற்கு அடையாளம் அது.

ஆனால் இந்தப் பட்டியல்கள் எல்லாம் ஒரே மாதிரியான வாசகனை மனத்தில் வைத்துத் தயாரானவை. அவன் எழுத்தாளன், அல்லது எழுத்தாளனாக உத்தேசித்திருப்பவன். இன்னொரு வகை வாசகன் இருக்கிறான். அவன் கதை எழுதப்போவதில்லை. கதை படிப்பதிலும் அவனுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. காலடியில் இருக்கிற மண் எப்படி உண்டாயிற்று, தன் தாத்தா ஏன் பர்மாவுக்குப் போனார், வரி எதற்கு, வயிற்று வலி எதனால், நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்பது போன்ற கேள்விகள் அவனிடம் உண்டு. பரீட்சை எழுதுவதற்காக அல்ல. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவன் நம்மிடம் வந்து, ‘ஏதாவது நல்ல புத்தகம் சொல்லுங்களேன்’ என்றால் நாம் என்ன சொல்கிறோம்? ‘மோகமுள்’ படியுங்கள் என்கிறோம். நல்ல நாவல்தான். ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

இந்தக் கேள்விக்குப் பதிலான எழுத்துக்கு நம்மிடம் சரியான பெயர்கூட இல்லை. ‘கட்டுரை’ என்றால் பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகம் ஞாபகம் வருகிறது. ‘அபுனைவு’ என்கிறார்கள், ‘புனைவல்லாதது’ என்கிறார்கள். ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஒரு வீட்டில் நாலு பிள்ளைகளில் ஒருவனை மட்டும் ‘மற்றவன் அல்லாதவன்’ என்று கூப்பிடுவதைப் போன்ற பெயர். பெயரிலேயே அந்த எழுத்தின் ஸ்தானம் தெரிந்துவிடுகிறது. எதுவாக இல்லையோ அதைக்கொண்டு அடையாளம் காணப்படுவது அதன் விதி.

இவ்வகைப் புத்தகங்கள் தமிழில் எப்படி வந்தன, யார் கொண்டுவந்தார்கள், அவற்றைப் பற்றி நாம் ஏன் பேசாமல் இருந்தோம் என்பதை ஒரு சரித்திரக் குறிப்பாகவாவது எழுதிப் பார்க்கலாம் என்பதே இங்கு உத்தேசம்.

2

முதலில் கவனிக்கவேண்டியது, தமிழில் அறிவு சார்ந்த உரைநடை இலக்கியக்காரர்களால் பிறக்கவில்லை என்பது. வேறு ஏதோ ஒரு காரியத்தில் தீவிரமாக இருந்தவர்களுக்கு, அந்தக் காரியத்தின் பொருட்டுத் தேவைப்பட்டதால் பிறந்தது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1860களில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்றுக்கொடுக்க முனைந்தார். உடற்கூறு, ரண வைத்தியம், பிரசவம் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் அவராலும் அவர் மாணவர்களாலும் தமிழுக்கு வந்தன. ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை அவர்கள் தேடவேண்டியிருந்தது. தமிழ் நாவல் பிறப்பதற்கு முன்பே, பிணத்தை அறுத்துப் பார்ப்பது எப்படி என்று சொல்லும் உரைநடை தமிழில் அச்சாகிவிட்டது. நமது இலக்கிய சரித்திரங்களில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிசயம்.

1910ல் ‘அபிதான சிந்தாமணி’ வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற பள்ளித் தமிழாசிரியர் பல ஆண்டுகள் தனியாளாக உழைத்துத் தொகுத்தது. பாண்டித்துரைத் தேவரின் மதுரைத் தமிழ்ச் சங்கம் துணைநின்றது. புராணமும் மருந்தும் மரமும் மன்னர்களும் ஒரே அகர வரிசையில் கலந்து வருகிற புத்தகம். எது நம்பத் தகுந்தது, எது கேள்விப்பட்டது என்ற பேதம் அதில் இல்லை. ஆனால் ஒரு தமிழன் ஒரு சொல்லைப் பற்றி ஐயம் வந்தால் போய்ப் புரட்டிப்பார்க்க ஓர் இடம் உண்டு என்ற எண்ணத்தை அது உண்டாக்கியது.

பிறகு சுயமரியாதை இயக்கம். ‘குடி அரசு’ 1925ல் தொடங்கியது. அதில் 1930களில் ம. சிங்காரவேலர் எழுதிய விஞ்ஞானக் கட்டுரைகளை இப்போது படித்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அப்போது எழுபதைத் தாண்டிய மனிதர். பிரபஞ்சத்தைப் பற்றியும் பரிணாமத்தைப் பற்றியும் தெருவில் போகிறவனுக்குச் சொல்கிற தோரணையில் எழுதுகிறார். 1931ல் கம்யூனிஸ்ட் அறிக்கையின் பகுதிகள் அதே பத்திரிகையில் தமிழாயின. பகத்சிங் நாத்திகத்தைப் பற்றி எழுதியதைத் தமிழாக்கிய ஜீவானந்தமும், அதை வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைதானார்கள். அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரை, ஆங்கிலத்தில் 1936ல் வந்த சுருக்கில் தமிழுக்கு வந்துவிட்டது. ஒரு மொழிபெயர்ப்புக்காகச் சிறை போகவேண்டிவருகிறது என்றால், அந்தப் புத்தகம் யாரோ சாதாரண வாசகனைப் போய்ச் சேரும் என்று அரசாங்கமே நம்பியது என்று அர்த்தம். நமது கவிதைத் தொகுதிகளை எந்த அரசாங்கமும் அவ்வளவு மதித்ததில்லை.

இதே காலத்தில் ரங்கூனில் உட்கார்ந்துகொண்டு வெ. சாமிநாத சர்மா எழுதிக்கொண்டிருந்தார். அபிசீனியா, ஸ்பெயின், பாலஸ்தீனம், செக்கோஸ்லோவாகியா என்று உலகத்தில் எங்கே நெருப்புப் பிடித்தாலும் சில மாதங்களில் அதைப்பற்றித் தமிழில் ஒரு சிறு புத்தகம் அவரிடமிருந்து வரும். பிளேட்டோவையும் ரூஸ்ஸோவையும் தமிழாக்கினார். மார்க்ஸின் வாழ்க்கையை எழுதினார். 1942ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, மற்ற ஆயிரக்கணக்கான தமிழர்களைப் போலவே பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே வந்தார். அந்த நடையையும் புத்தகமாக்கினார். அவர் நடை அலங்காரமற்றது, சில இடங்களில் சட்டைக்குக் கஞ்சி போட்டதுபோல விறைப்பானதும்கூட. ஆனால் வாசகனை அவர் ஒருபோதும் குழந்தையாக நினைத்ததில்லை. ஸ்பெயினில் நடப்பது தஞ்சாவூரில் இருப்பவனுக்குப் புரியும், புரியவேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

பெ.நா. அப்புஸ்வாமியை (1891-1986) இந்த வரிசையில் தனியாகச் சொல்லவேண்டும். தொழிலால் வக்கீல். அரை நூற்றாண்டுக்கு மேல் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதினார். சங்கப் பாடல்களை ஆங்கிலமாக்கியவரும் அவர்தான். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சொல் எவ்வளவு எடை தாங்கும் என்று பழம்பாட்டில் பழகியவர், அணுவையும் மின்சாரத்தையும் விளக்கும்போது சொல்லை அளந்து போடுகிறார். விளக்கவேண்டிய இடத்தில் வியப்பதில்லை. ‘ஆஹா, என்னே இயற்கையின் விந்தை’ என்று வாயைப் பிளக்கிற விஞ்ஞான எழுத்து தமிழில் மலிந்துபோனதற்கு அவர் பொறுப்பாளி அல்ல.

மணிக்கொடிக்காரர்களும் இதிலிருந்து ஒதுங்கி நிற்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். புதுமைப்பித்தன் முஸ்ஸோலினியைப் பற்றி ‘பாஸிஸ்ட் ஜடாமுனி’ எழுதினார், ந. ராமரத்னத்தோடு சேர்ந்து ஹிட்லரைப் பற்றிக் ‘கப்சிப் தர்பார்’ எழுதினார். இரண்டும் 1930களின் இறுதியில் வந்தவை. அவருடைய கதைகளுக்கு எத்தனை பதிப்பு, எத்தனை பாடபேதச் சர்ச்சை! இந்த இரண்டைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

3

சுதந்திரத்துக்குப் பிறகு தனிமனிதர்கள் செய்துகொண்டிருந்ததை ஸ்தாபனங்கள் எடுத்துக்கொண்டன. 1946ல் தி.சு. அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். கலைக்களஞ்சியம் அதன் பெரிய காரியம். பெரியசாமித் தூரன் ஆசிரியர். 1954ல் முதல் தொகுதி, 1968ல் பத்தாவது. பிறகு குழந்தைகளுக்காக இன்னொரு பத்து. இந்திய மொழிகளில் நவீன முறையில் முழுமை பெற்ற கலைக்களஞ்சியங்களில் முன்னோடி அது. தூரன் கவிஞர், கீர்த்தனைகள் இயற்றியவர். தன் வாழ்வின் முக்கியமான பல வருஷங்களைப் பிறருடைய கட்டுரைகளைத் திருத்துவதில் செலவிட்டார். இலக்கியத்தில் இதைத் தியாகம் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லலாம்.

நூலகத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை எழுதினார். அவற்றின் சாரம் எளிமையானது. புத்தகம் அலமாரியில் இருப்பதற்கு அல்ல. எந்த வாசகனுக்கும் அவனுக்கு வேண்டிய புத்தகம் எங்கோ இருக்கிறது, எந்தப் புத்தகத்துக்கும் அதைத் தேடுகிற வாசகன் எங்கோ இருக்கிறான். இரண்டு பேரையும் நேரத்தை வீணாக்காமல் சேர்த்துவைப்பதுதான் வேலை. அதே 1931ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் புத்தகம் போயிற்று. 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலகத்துக்கென்று ஒரு தொகை சேர்ந்து வசூலாக ஆரம்பித்தது.

ரங்கநாதன் நினைத்ததில் பாதிதான் நடந்தது. புத்தகம் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து வாசகனிடம் போகவில்லை. நூலக ஆணையை நம்பியே புத்தகம் போடுகிற பதிப்பாளர்கள் கிளம்பினார்கள். அட்டை, பக்க எண்ணிக்கை, விலை எல்லாம் ஆணைக்குத் தகுந்தபடி. யார் படிப்பார்கள் என்ற கேள்வி கேட்கப்படாமலே ஒரு பெரிய தொழில் நடந்தது. இப்படி வந்தவற்றில் முக்கால்வாசி கதை கவிதை அல்லாதவை என்பதை எந்தக் கிளை நூலகத்திலும் போய்ப் பார்க்கலாம்.

1960களிலும் 70களிலும் கல்லூரியில் தமிழைப் பயிற்றுமொழியாக்குவதற்காக அரசு நூற்றுக்கணக்கான பாட நூல்களை வெளியிட்டது. பௌதிகம், பொருளாதாரம், உளவியல், ஐரோப்பிய வரலாறு என்று எல்லாத் துறையிலும். அவற்றில் சில மிக நல்ல புத்தகங்கள். மாணவர்கள் ஆங்கிலத்துக்கே போய்விட்டதால் அவை கிடங்கில் தூங்கின. அண்மை வருஷங்களில் மின்னாக்கம் செய்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். பாடநூல் என்ற முத்திரை விழுந்ததால் பொது வாசகன் தொடவில்லை. பாடமாக இல்லாததால் மாணவனும் தொடவில்லை.

இதற்கிடையில் இரண்டு வல்லரசுகள் தமிழ் வாசகன்மேல் அக்கறை காட்டின. ஃபோர்டு நிதியின் உதவியோடு 1955ல் தென்மொழிகள் புத்தக டிரஸ்ட் சென்னையில் ஏற்பட்டது. அமெரிக்கப் புத்தகங்களின் மலிவுத் தமிழ்ப் பதிப்புகள் வந்தன. நம் எழுத்தாளர்கள் சிலருக்கு அந்த மொழிபெயர்ப்புக் கூலி அரிசி வாங்க உதவியது. மறுபுறம் மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் தமிழிலேயே அச்சடித்து அனுப்பின. 1951ல் தோன்றிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. கெட்டி அட்டை, நல்ல காகிதம், கேவலமான விலை.

நெய்வேலிக்காரர்களுக்கு இதில் ஒரு நேரடிச் சம்பந்தம் உண்டு. 1957 மே 20ல் நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்து, 1962ல் மின்சாரம் தர ஆரம்பித்தது. ரஷ்ய நிபுணர்கள் குடும்பத்தோடு இந்த வட்டங்களில் குடியிருந்தார்கள். அந்தத் தலைமுறைத் தொழிலாளி வீடுகளில் ரஷ்யப் புத்தகம் இருந்ததென்றால் அது எல்லா வீட்டிலும் கட்சி அபிமானத்தால் அல்ல. பெரெல்மானின் ‘பொழுதுபோக்குப் பௌதிகம்’ டர்பைன் ஓட்டுகிறவனுக்குச் சுவாரஸ்யமான புத்தகம். இலினும் செகாலும் மனிதன் பேராற்றல் கொண்டவனானதைப் பற்றி எழுதியது, பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கும் புரியக்கூடியது. மாஸ்கோவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்களின் தமிழில் ஒரு விநோத வாடை அடித்தாலும், சொல்லவந்ததை அவர்கள் சொல்லிவிட்டார்கள். 1991ல் சோவியத் யூனியன் போயிற்று. அதோடு புத்தகமும் நின்றது. அந்த முதல் மின் நிலையமும் 2020ல் ஓய்வு பெற்றுவிட்டது. இன்னும் பழைய புத்தகக் கடையில் அந்தக் கெட்டி அட்டைகள் கிடைக்கின்றன.

மிஷன் வைத்தியர், சுயமரியாதைக்காரர், காங்கிரஸ் மந்திரி, அமெரிக்க நிதி, சோவியத் பதிப்பகம் ஆகிய இவர்களில் யாரும் தன்னலமற்ற அறிவுத் தாகத்தால் புத்தகம் போட்டவர்கள் அல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் இருந்தது. ஆனால் வாசகன் அந்த நோக்கத்துக்கு எப்போதும் பணிந்துவிடவில்லை. கர்த்தரை ஏற்காமலே வைத்தியம் கற்றுக்கொண்டான். பொதுவுடைமைக்கு வராமலே பெரெல்மானைப் படித்தான். புத்தகம் போடுகிறவன் நோக்கம் ஒன்று, படிக்கிறவன் பயன் வேறொன்று. இந்த இடைவெளியில்தான் பொது வாசகன் என்பவன் உருவாகிறான்.

4

இத்தனையும் நடந்தபோது சிறுபத்திரிகை என்ன செய்துகொண்டிருந்தது? நியாயமாகப் பார்த்தால், ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. வாசகர் வட்டம் 1971ல் சிட்டியும் ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யை வெளியிட்டது. 1974ல் தொடங்கிய க்ரியா, மறு வருஷமே எஸ்.வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்’ நூலைக் கொண்டுவந்தது. 1982ல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வந்தது. நம் வட்டத்தில் இவை உண்டாக்கிய சலனம் பெரிது. ஆனால் இந்தச் சிந்தனைப் புத்தகங்களையும் நாம் எழுத்தாளனுக்கான கருவிகளாகவே படித்தோம். கதையை எப்படி எழுதுவது, கவிதையை எப்படி விமர்சிப்பது என்பதற்குத் துணையாக. க்ரியா ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ என்ற வைத்தியப் புத்தகத்தையும் வெளியிட்டது. கிராமத்தில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் என்ன செய்வது என்பதை இவ்வளவு சுத்தமான தமிழ் உரைநடையில் சொன்ன புத்தகம் குறைவு. அதை ஒரு சிறுபத்திரிகை மூன்று பக்கம் மதிப்புரை செய்திருந்தால், தமிழ் உரைநடை பற்றிய நமது சர்ச்சைகள் வேறு தளத்துக்குப் போயிருக்கும்.

விமர்சனம் இல்லாத இடத்தில் என்ன வளரும் என்பதற்கு நிரூபணம் வேண்டுமானால் எந்தப் புத்தகக் கண்காட்சிக்கும் போய்ப் பார்க்கலாம். சென்னையில் 1977ல் தொடங்கியது. நெய்வேலியிலும் 1998ல் தொடங்கியது. கதை அல்லாத புத்தகங்கள்தான் அங்கே அதிகம் விற்கின்றன. முப்பது நாளில் முன்னேற்றம், மனத்தை வென்று பணம் சேர்ப்பது, கடலுக்குள் போன கண்டத்தின் கணக்கு. ஒரு மோசமான நாவல் வந்தால் பத்துப் பக்கம் எழுதிக் கிழிக்கிறோம். அந்த நாவலால் கெட்டுப்போனவர்கள் யாருமில்லை. ஒரு மோசமான சரித்திரப் புத்தகம் வந்து பத்துப் பதிப்பு ஓடினாலும் வாயைத் திறப்பதில்லை. அது ‘நம் துறை’ இல்லையாம்.

கடல் கொண்ட கண்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே வகைப் பிராணியின் சுவடுகள் கிடைப்பதை விளக்க, 1864ல் ஸ்கிளேட்டர் என்ற இங்கிலீஷ்காரர் நடுவே ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கலாம் என்று ஊகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். அப்போது அது நியாயமான ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்பது 1960களில் நிலைபெற்றதும் ஊகத்துக்குத் தேவை போய்விட்டது. தமிழில் மட்டும் அது குமரிக் கண்டமாகி, பாடத்தில் ஏறி, மேடையில் முழங்கி, இன்றுவரை இறங்கவில்லை. 2002ல் சு.கி. ஜெயகரன் ‘குமரி நில நீட்சி’ எழுதினார். நிலவியல் படித்தவர். கடல் மட்டம் எப்போது எவ்வளவு தாழ்ந்தது, அதனால் எவ்வளவு நிலம் வெளியே தெரிந்திருக்கக்கூடும் என்று பொறுமையாகக் கணக்குச் சொல்கிறார். பழைய நூல்கள் சொல்கிற கடல்கோளை அவர் கேலி செய்யவில்லை. அதற்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு இடம் கொடுக்கிறார். இந்த நிதானம்தான் ஒரு நல்ல அறிவு நூலின் தார்மீகம். கவிதையில் நாம் இதையே ‘சொற்சிக்கனம்’ என்று கொண்டாடுகிறோம்.

ஆகவே அளவுகோல் நம்மிடம் இல்லாமலில்லை. இருப்பதை இங்கே பிரயோகிக்கவில்லை, அவ்வளவே. கதை அல்லாத புத்தகம் ஒன்றைச் சிபாரிசு செய்யுமுன் மூன்று விஷயங்கள் பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். எழுதியவர் தனக்கு இது எப்படித் தெரிந்தது என்று காட்டுகிறாரா? தெரிந்ததற்கும் ஊகிப்பதற்கும் நடுவே கோடு கிழிக்கிறாரா? வாசகனைத் தனக்குச் சமமான புத்தி உள்ளவனாக நினைத்து எழுதுகிறாரா? இந்த மூன்றும் இருந்தால், தகவல் பழசாகிவிட்டாலும் புத்தகம் சாவதில்லை. அப்புஸ்வாமியின் அணு பழைய அணுதான். ஆனால் ஒரு விஷயத்தைப் படிப்படியாக யோசிப்பது எப்படி என்று அவரிடம் இன்றும் கற்கலாம். அந்த மூன்றும் இல்லாவிட்டால் நேற்று அச்சான புத்தகமும் பிறக்கும்போதே செத்ததுதான்.

5

பட்டியல் இல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் குறைசொன்ன அதே குற்றம் என்னுடையதாகும். சிறந்தவை எவை என்று தரவரிசை போடுவது என் உத்தேசமல்ல. கேள்வி எதுவோ அதற்குத் தக்க புத்தகம்.

மனிதர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன் எப்படிப் படித்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், எப்படிப் பிரயாணம் செய்தார்கள் என்று கேட்பவனுக்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் 1942ல் அவர் மறையும்வரை ‘ஆனந்த விகடனி’ல் வந்து, முடியாமலே நின்றுபோனது. தமிழ்ப் புலவர் எழுதியது என்று பயப்பட வேண்டாம். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் நடமாடுகிற மனிதர்களுக்காகவே படிக்கலாம்.

அதைவிடப் பின்னே போகவேண்டுமென்றால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதப்பட்டது. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பிரயாணத்தில் இருக்கிற ஊர். ஒரு தமிழர் தமிழில் எழுதிய இந்தக் குறிப்பு, 1904க்கும் 1928க்கும் இடையே ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்துவிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது 1948ல்தான். நம் விஷயத்தில் நமக்கு எவ்வளவு அவசரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. முழுவதும் படிக்கத் தேவையில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வியாபாரம், லஞ்சம், யுத்தம், ஜோசியம் நாலும் இருக்கும்.

ஊர்களைப் பற்றிக் கேட்பவனுக்கு ஏ.கே. செட்டியார் பழைய பத்திரிகைகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் திரட்டி 1968ல் வெளியிட்ட ‘தமிழ்நாடு: பயணக் கட்டுரைகள்’. காந்தியைப் படமெடுக்க உலகத்தைச் சுற்றிய மனிதர், பழைய தாள்களைத் தேடியும் அதே அளவு அலைந்திருக்கிறார்.

உப்பு, எண்ணெய், தெரு, சாமி இவற்றுக்கெல்லாம் சரித்திரம் உண்டா என்று கேட்பவனுக்குத் தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ (1997). சிறிய புத்தகம், ஒரு ராத்திரியில் முடியும். அவர் முடிவுகளில் சிலவற்றோடு சண்டை போடலாம். சண்டை போடத் தூண்டுவதும் ஒரு புத்தகத்தின் நல்ல குணம்.

பறவை, மிருகம், மரம் என்றால் மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. அ. மாதவையாவின் மகன். தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்திராவிட்டால் இந்தக் கட்டுரைகள் பழைய இதழ்களிலேயே போயிருக்கும். கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் எழுதாத ஒருவரின் தமிழ் எப்படி இருக்கும் என்பதற்காக, கவிஞர்கள் இதைப் படிக்கவேண்டும்.

மனிதன் எங்கிருந்து வந்தான் என்றால் ஜெயகரனின் ‘மூதாதையரைத் தேடி’. நிலம் எங்கே போயிற்று என்றால், முன்பு சொன்ன ‘குமரி நில நீட்சி’. வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ள ‘டாக்டர் இல்லாத இடத்தில்’. எதைப் பற்றியும் ஒரு தொடக்கம் வேண்டுமானால் தூரனின் கலைக்களஞ்சியம். இப்போது மின்வடிவில் இலவசமாகவே கிடைக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழையது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும்.

இன்னும் எழுதப்படவேண்டிய ஒன்றையும் சொல்லவேண்டும். இந்த ஊர் நிலக்கரிமேல் உட்கார்ந்திருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக எதுவோ வந்தது என்று தொடங்குகிற கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் வேலை செய்யும் என்பதும், அந்த நீருக்கும் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் என்ன உறவு என்பதும் அவ்வளவு பேருக்குத் தெரியாது. 1894ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டத்தில் எழுந்துபோன கிராமத்துக்காரனுக்கும், 2013ம் வருஷத்துச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிற அவன் பேரனுக்கும் நடுவே என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதும் அப்படியே. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றை மாற்றி விடுகிற கால்வாய்க்காக, கதிர் வாங்க நின்ற நெல்லின்மேல் எந்திரங்கள் இறங்கின. ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசியது. விற்றதா, எடுத்ததா, எப்போது எடுத்தது, பணம் எவ்வளவு, மறுபடி பயிர் வைத்தது சரியா என்று டீக்கடைக்கு ஒரு சட்டம், பஸ்ஸுக்கு ஒரு புள்ளிவிவரம். வங்கிக் கவுண்டரில் இழப்பீட்டுச் செக்கோடு நிற்கிறவர்கள் கேட்கிற கேள்விகளும் இவைதான். கரியைப் பற்றின அறிவு நிபுணர்களின் ஆங்கில அறிக்கைகளில் இருக்கிறது. நிலத்தைப் பற்றின அறிவு வக்கீல் கட்டுகளில் இருக்கிறது. இழந்ததைப் பற்றின அறிவு கிழவர்கள் ஞாபகத்தில் இருக்கிறது. மூன்றையும் ஒருவர் உட்கார்ந்து, எந்தத் தரப்பின் துண்டுப் பிரசுரமாகவும் ஆகிவிடாமல், எல்லாத் தரப்பினரும் படிக்கிறாற்போல் இருநூறு பக்கத்தில் தமிழில் எழுதவேண்டும்.

அந்தப் புத்தகம் வரும்போது அதற்குச் சிறுபத்திரிகையில் மதிப்புரை வரவேண்டும் என்பது என் ஆசை. கவிதைக்குக் கொடுக்கிற அதே பக்கங்கள், அதே கண்டிப்பு. வாக்கியம் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லவேண்டும். கணக்குத் தப்பென்றால் தப்பென்று சொல்லவேண்டும். சபாஷ் என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த நாவலுக்குப் போய்விடக் கூடாது.